கோழிக்கூட்டில் கிடந்த இலக்கம்

வணக்கம் நேயர்களே. தேநீரும் கையுமாக வானொலிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். அந்தத் தேநீரில் கலந்த பால்மா எந்தப் போத்தலில் இருக்கிறது என்று பாருங்கள். போத்தல் உடனே கிடைத்துவிடும். அந்தப் பால்மா வந்த பை எங்கே? குப்பையில் இருக்கும், அல்லது அடுப்பு மூட்டப் போயிருக்கும். இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் பதினைந்து நிமிடமும் அந்தப் பையைப் பற்றித்தான்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கடையில் எதை எடுத்தாலும் அதன் முதுகைத்தான் முதலில் பார்க்கிறேன். என்னோடு கடைக்கு வருவதை மனைவி நிறுத்திப் பல காலமாகிறது.

ஓர் உணவுப் பொருளில் நோய்க்கிருமி இருப்பது தெரிய வந்தால் என்ன நடக்கிறது? தயாரித்த நிறுவனமோ அரசாங்கமோ அறிவிக்கிறது: இன்ன பொருள், இன்ன திகதி, இன்ன தொகுதி இலக்கம், விற்க வேண்டாம், வாங்கியவர்கள் சாப்பிட வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். இதைத்தான் மீளப்பெறுதல் என்கிறோம். இதில் உயிர்நாடி அந்தத் தொகுதி இலக்கம், அதாவது ஒரே தடவையில் தயாரித்த பொருள்களுக்கெல்லாம் இடும் பொது எண். பொருளின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் ஆயிரக்கணக்கான பெட்டிகள் வெளியே வருகின்றன. பழுது ஒரு நாள் ஓடிய ஒரு தொகுதியில் மட்டும் இருக்கலாம்.

இதைச் சொன்னதும் எங்கள் ஆட்கள் செய்வது ஒன்று உண்டு. போத்தலைத் திறந்து மூக்கருகே பிடித்து, "நல்ல வாசமாகத்தானே இருக்கிறது" என்பார்கள். ஐயா, அம்மா, தயவுசெய்து கேளுங்கள். பழுதாகிப் போன பாலின் நாற்றம் பாலைக் கெடுக்கும் கிருமிகள் தருவது. சல்மொனெல்லா, லிஸ்தீரியா போன்ற நோய்க்கிருமிகள் உணவில் இருந்தாலும் நிறம் மாறாது, மணம் மாறாது, ருசியும் மாறாது. உலர்ந்த பால்மாவில் சல்மொனெல்லா மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும். மூக்குக்கு அது தெரியாது. பையின் இலக்கத்துக்குத்தான் தெரியும்.

இனி என் கோழிக்கூட்டுக் கதை. என்னைத் தெரிந்தவர்கள் வானொலியின் சத்தத்தைக் குறைப்பது எனக்குக் கேட்கிறது. பரவாயில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மாரி காலம். ஒரு பால்மாத் தொகுதியைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லி அறிவித்தல் வந்தது. மழை அங்கியைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். நகரத்துக்கு வெளியே ஒரு கடை. ஊர்ப் பெயர் வேண்டாம். முதலாளி நல்ல மனிதர். இருபத்தைந்து கிலோ மூட்டையாக வாங்கி, சிறிய பொலித்தீன் பைகளில் நிறைத்து, வாயை மெழுகுதிரிச் சுடரில் காட்டி ஒட்டி, தோரணம் போலத் தொங்கவிட்டிருந்தார். எந்தப் பையிலும் ஓர் எழுத்துக்கூட இல்லை.

"முதலாளி, மூட்டை எங்கே?" என்றேன்.

"மூட்டை முடிந்துவிட்டது ஐயா."

"வெறும் சாக்கு இருக்குமே, அதைக் காட்டுங்கள்."

அவர் மனைவியைக் கேட்டார். மனைவி தன் தாயாரைக் கேட்டார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார். அங்கே கோழிக்கூட்டுக்கு மழைச் சாரல் அடிக்காமல் எங்கள் சாக்கு ஆணியடித்து நிற்கிறது! குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, எச்சத்தைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். நிறுவனத்தின் பெயர் தெரிந்தது. நாட்டின் பெயர் தெரிந்தது. இலக்கத்தின் முன்பாதியும் தெரிந்தது. கடைசி மூன்று எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆணி இறங்கி, சாக்கு கிழிந்து தொங்கியது. உள்ளே இருந்த சேவல் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது.

என்ன செய்வது? இலக்கம் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். தொங்கிய பைகள் அத்தனையையும் விற்பனையிலிருந்து எடுத்தோம். அது பழுதான தொகுதியாக இருந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நல்ல பால்மாவைத்தான் அழித்திருப்போம். இலக்கம் இல்லாத பொருளுக்கு விநியோகத்தர் பணம் திருப்பிக் கொடுக்கவுமில்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடம். தேநீர் தந்து அனுப்பினார், பால் இல்லாமல்.

அதனால்தான் கேட்கிறேன். பையைத் திறக்கும்போதே தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அச்சிட்ட அந்தத் துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். போத்தலின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள். அரை நிமிட வேலை. கடைக்காரர்களும் மூட்டையின் அந்தத் துண்டைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து ஆணியில் குத்தி வையுங்கள். கோழிக்கூட்டு ஆணியில் வேண்டாம்.

இது ஏதோ நம் ஊர்ச் சிறு கடைகளின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். 2011 ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு கொடிய ஈ.கோலைக் கிருமி பரவி 3,800 பேருக்கு மேல் நோயாளியானார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்தான் காரணம் என்று அறிவித்தார்கள். பாவம், ஸ்பெயின் விவசாயிகள் வெள்ளரியைக் கொட்டி அழித்தார்கள். காரணம் வெள்ளரி இல்லை. வெந்தயம்! ஆம், நம் அடுக்களை வெந்தயம்தான். அதை முளைகட்டி, சாப்பாட்டின் மேல் அலங்காரத்துக்குத் தூவியிருந்தார்கள். நோயாளிகளைக் கேட்டால் முளையைச் சாப்பிட்ட ஞாபகமே பலருக்கு இல்லை. தட்டின் ஓரத்தில் கிடந்த கறிவேப்பிலையை யார் நினைவு வைத்திருப்பார்? ஓர் உணவகத்தில் பற்றுச்சீட்டுகளைப் பார்த்து, யார் எதை வாங்கினார்கள், அதில் சமையற்காரர் என்னென்ன போட்டார் என்று தேடியபோதுதான் முளை பிடிபட்டது. அங்கிருந்து பின்னோக்கிப் போய், எகிப்திலிருந்து வந்த ஒரு வெந்தயத் தொகுதிவரை எட்டினார்கள். மனிதர்களின் ஞாபகம் கைவிட்டது, கடதாசி கைகொடுத்தது.

தென்னாபிரிக்காவிலும் இப்படித்தான். 2017, 2018 இல் லிஸ்தீரியா அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்து 200 பேருக்கு மேல் கொன்றது. எந்த உணவு என்று மாதக்கணக்காகத் தெரியவில்லை. சொவேட்டோவில் ஒரு பாலர் பாடசாலைக் குழந்தைகள் சிலருக்கு நோய் வந்தது. அதிகாரிகள் அந்தப் பாடசாலையின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பொலோனி என்கிற, சமைத்துப் பதப்படுத்திய இறைச்சி, உறையோடு இருந்தது. அந்த உறைதான் தொழிற்சாலைக்கு வழிகாட்டியது. 2018 மார்ச் 4 ஆம் திகதி மீளப்பெறும் அறிவிப்பு வந்தது.

குளிர்சாதனப் பெட்டி என்றதும் ஒன்று. பெட்டிக்குள் வைத்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நம்புகிறோம். பெரும்பாலான கிருமிகள் குளிரில் சோம்பிக் கிடக்கும்; லிஸ்தீரியாவோ அங்கேயும் மெதுவாகப் பெருகும். அதைச் சாப்பிட்டு 70 நாள் கழித்தும் நோய் வரலாம். கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவுகூட ஏற்படலாம். இரண்டு மாதத்துக்கு முன் என்ன சாப்பிட்டேன் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு நேற்றைய குழம்பே நினைவில்லை. மறுபடியும் சொல்கிறேன்: உறை, பை, இலக்கம்.

மற்றக் கிருமிகளுக்குப் பிடித்த சூட்டை விளக்க நம் ஊரில் படம் வரையத் தேவையில்லை. கன்னியா வெந்நீரூற்றில் வாளியால் அள்ளி ஊற்றியிருப்பீர்கள். அந்த இதமான சூடு நமக்கு எவ்வளவு சுகமோ, கிருமிக்கும் அவ்வளவு சுகம். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் உணவை நெடுநேரம் வைத்தால் அதைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போன மாதிரிதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் மீதி. மீனைப் பற்றித்தான் அதிகம் பேச எழுதி வந்தேன். நான்கு பக்கம் அப்படியே கையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சூரை மீன் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். "மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி விட்டுவிடுவோம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. டின்னில் அடைத்தாலும் போகாது. படகிலேயே பனிக்கட்டி போட வேண்டும். மீனவர்களோடு தனியாகப் பேச வேண்டிய விடயம் இது.

குழந்தைகளுக்குப் பால்மா கரைப்பவர்கள், கொதித்து ஆறிய நீர் 70 பாகைக்குக் குறையாமல் இருக்கும்போதே கரைத்து, பிறகு ஆற வைத்து ஊட்டுங்கள். பால்மா கிருமியே இல்லாத பொருள் அல்ல. சந்தேகமான பொருளைக் கண்டால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. பேசும்போது பையைக் கையில் வைத்திருங்கள்.

ஒரு விரல் காட்டுகிறார். உள்ளே வரும்போது அறிவிப்பாளர் ஒரு கேள்வி கேட்டார்: "கிண்ணியாத் தயிர்ச் சட்டியில் ஏது ஐயா தொகுதி இலக்கம்?" நல்ல கேள்வி. பதிலும் வைத்திருக்கிறேன், அது அந்த நான்கு பக்கத்துக்கும் பின்னால் இருக்கிறது. இன்னொரு நாள் கூப்பிட்டால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.