டூரிங் பைக் வாங்கும் முன்: டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது பின்னால் உட்காருபவரையும் கூட்டிப் போங்கள்

காட்சி: ஷோரூம் வாசலில் டெமோ பைக். ஓட்டுபவர் ஹெல்மெட் மாட்டுகிறார். கூட வந்தவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்க்கிறார்.

"சார், ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க." அந்த ரவுண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் இருந்தாலே பெரிது. தனியாகப் போகிறீர்கள், சிக்னல் வரை முறுக்குகிறீர்கள், திரும்பி வந்து "பிக்கப் நல்லா இருக்கு" என்று சொல்லி முன்பணம் கட்டிவிடுகிறீர்கள். பிறகு பின்னால் ஒருவர், இரண்டு சேடில் பேக், ஒரு டாப் பாக்ஸ் என்று ஏற்காடு ஏறும்போது ஓட்டுவது வேறு வண்டி. பிரேக் வேறு மாதிரி பிடிக்கிறது, முன் சக்கரம் லேசாகத் தெரிகிறது, ஹெட்லைட் மரக்கிளையைப் பார்க்கிறது. ஷோரூமில் நீங்கள் சோதித்தது அந்த வண்டியை அல்ல.

ஜோடியாகப் போகத்தான் பைக் என்றால் சோதனையும் ஜோடியாகத்தான் நடக்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

காட்சி: வெள்ளைத் தாளில் பேனாவால் எடைக் கணக்கு எழுதப்படுகிறது.

ஷோரூமுக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு கணக்கு போடுங்கள். ஓட்டுபவர் 75 கிலோ. அவருடைய ஜாக்கெட், ஹெல்மெட், பூட்ஸ் 8 கிலோ. பின்னால் உட்காருபவர் 62, அவருடைய கியர் 6. துணிமணி, டூல்ஸ், தண்ணீர் எல்லாம் சேர்த்து 20. டாப் பாக்ஸ், அதன் பிளேட், சேடில் ஸ்டே (சேடில் பேக்கைத் தாங்கும் கம்பிச் சட்டம்), கிராஷ் கார்ட் என்று இரும்பு மட்டும் 12. மொத்தம் 183 கிலோ.

இனி, பார்க்கிற பைக்கின் ஓனர்ஸ் மேனுவலைத் திறங்கள். அதில் அதிகபட்ச மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். அதிலிருந்து கெர்ப் வெயிட்டை, அதாவது பெட்ரோல், ஆயிலோடு வண்டியின் சொந்த எடையை, கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. உதாரணத்துக்கு மொத்த எடை 350, கெர்ப் 190 என்றால் மிஞ்சுவது 160. நம் கணக்கு 183. ஆக 23 கிலோ கூடுதல். அந்த 23 கிலோவுக்கு ஷாக் அப்சார்பரும் டயரும் ரியர் ஸ்போக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சேல்ஸ் பையனிடம் கேட்டால் "அதெல்லாம் தாராளமா இழுக்கும் சார்" என்பார். இழுக்கும், சந்தேகமில்லை. நிற்குமா என்பதுதான் கேள்வி.

காட்சி: நான்கு பைக்குகள் பக்கவாட்டில். ஒவ்வொன்றின் மேலும் எண்கள் தோன்றுகின்றன.

நம் சந்தையில் ஜோடிப் பயணத்துக்கு அடிக்கடி பேசப்படும் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350: எடை 191 கிலோ, 20 குதிரைத்திறன், 4000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை. ஹிமாலயன் 450: 196 கிலோ, 40 குதிரைத்திறன், 5500 ஆர்.பி.எம்.மில் 40 நியூட்டன் மீட்டர். எடை ஏறக்குறைய ஒன்றுதான், திறன் இரண்டு மடங்கு. ஆனால் எந்த இடத்தில் கிடைக்கிறது என்று பாருங்கள். மீட்டியோர் கீழ் ஆர்.பி.எம்.மிலேயே தள்ளும், 80க்கு மேல் மூச்சு வாங்கும். ஹிமாலயனை மலையில் ஓட்டும்போது ஆர்.பி.எம்.மைக் கொஞ்சம் மேலேயே வைத்திருக்க வேண்டும். தனி ஆளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. பின்னால் ஆள் இருக்கும்போது கொண்டை ஊசி வளைவின் நடுவில் இரண்டாம் கியரில் திணறினால் கிளட்சைத் தேய்த்துத்தான் வெளியே வர வேண்டும்.

பஜாஜ் டோமினார் 400, 193 கிலோ, 40 குதிரைத்திறன். டேங்க் 13 லிட்டர். சூப்பர் மீட்டியோர் 650, 47 குதிரைத்திறன், ஆனால் 241 கிலோ. நெடுஞ்சாலையில் அந்தக் கனம் சுகம். சரிவான பார்க்கிங்கில் பின்னால் ஆளோடு காலால் தள்ளிப் பின்னோக்கி எடுக்கும்போது அதே கனம் தண்டனை.

டாப் ஸ்பீடைப் பற்றிப் பேசவே வேண்டாம். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018இல் நிர்ணயித்த உச்ச வரம்பு மணிக்கு 80 கி.மீ. லாரியைத் தாண்ட 60இலிருந்து 80க்கு எவ்வளவு இயல்பாகப் போகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண். அது எந்தப் பிரசுரத்திலும் அச்சாகியிருக்காது.

காட்சி: கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. நெருக்கமாக.

டெஸ்ட் ரைடுக்கு வார நாளில் காலை 10 மணி, 11 மணிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கிற கூட்டத்தில் யாரும் உங்களுக்கு அரை மணி நேரம் தரமாட்டார்கள். லைசென்ஸ், இரண்டு ஹெல்மெட், இருவருக்கும் ஷூ. "ரெண்டு பேரா ஓட்டிப் பார்க்கணும்" என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். மறுக்கிற ஷோரூமும் உண்டு. அப்போது அதே மாடலை ஒருநாள் வாடகைக்கு எடுப்பது நல்லது. கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டிதான் சட்டப்படி வாடகைக்கு விடக்கூடியது. தெரிந்தவர் மூலம் வெள்ளை பிளேட் வண்டி வாடகைக்குக் கிடைத்தால் வேண்டாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் போடுகிற இடத்தில் ஒருநாள் வாடகையைச் செலவாகவே நினைக்காதீர்கள். வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் போதும். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காட்டில் 20. கோவைக்காரர்கள் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினால் 40.

காட்சி: பைக் நிற்கிறது. பின்னால் ஏறுபவரின் இடது கால் ஃபுட்ரெஸ்ட்டில்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். ஓட்டுபவர் உட்கார்ந்து, சைடு ஸ்டாண்டை எடுத்து, இரண்டு காலும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். பின்னால் ஏறுபவர் சொல்லிவிட்டு ஏற வேண்டும். இடது கையை ஓட்டுபவரின் தோளில் வைத்து, இடது ஃபுட்ரெஸ்ட்டில் மிதித்து, உடம்பை வண்டியோடு ஒட்டியே வைத்து வலது காலைச் சுற்றிப் போட வேண்டும். மிதித்த நொடியில் வண்டி இடப்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பை நுனிக்காலில் நிற்கும் ஓட்டுபவரால் தாங்க முடிகிறதா? ஹிமாலயன் சீட் உயரம் 825 மி.மீ., சூப்பர் மீட்டியோரில் 740. இந்த 85 மி.மீ. எவ்வளவு பெரியது என்பது இந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். இப்போது நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். டாப் பாக்ஸ் மாட்டிய பிறகு காலைச் சுற்றிப் போடும் இடம் இன்னும் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஃபுட்ரெஸ்ட்டில் மிதித்து ஏறுவது பலருக்கும் பழக்கம். முழு எடையும் அந்த ஒரு கம்பியில் போகிறது. வெயிலில் இளகிய தார் என்றால் ஸ்டாண்டு உள்ளே இறங்கும், வண்டி சாயும்.

காட்சி: இன்ச் டேப். பின் அச்சிலிருந்து மேலே ஒட்டிய டேப் குறி வரை அளக்கிறார்கள்.

இனி இந்த வீடியோவின் முக்கியமான பகுதி. பின் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது. இதைச் செய்யாமல் "சஸ்பென்ஷன் ஹார்டு", "சஸ்பென்ஷன் சாஃப்ட்" என்று பேசுவதில் அர்த்தமில்லை.

சீட்டுக்குக் கீழே, பின் அச்சுக்கு நேர் மேலே, பாடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, அல்லது இருவர் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் அச்சின் நடுவிலிருந்து டேப் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இருவரும் முழு கியரோடு ஏறி உட்காருங்கள், கால்கள் ஃபுட்ரெஸ்ட்டில். வண்டியை ஒருவர் முன்னாலிருந்து பிடித்துக்கொள்ளட்டும். மூன்றாமவர் அதே இடத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சஸ்பென்ஷனின் மொத்தப் பயண தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். ஹிமாலயன் 450க்குப் பின் சஸ்பென்ஷன் பயணம் 200 மி.மீ. அப்படியானால் 60 முதல் 66 மி.மீ. அமுங்கலாம். சூப்பர் மீட்டியோருக்கு 101 மி.மீ.தான், அதில் 33 வரை. அதற்கு மேல் இறங்கினால் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, கூட்டுங்கள். டூல் கிட்டில் இருக்கும் கொக்கி ஸ்பேனர் இதற்குத்தான். கடைசிப் படி வரை கூட்டியும் எண் இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் போதாது. வேகத்தடையில் "டம்" என்று அடிப்பது இதனால்தான். வளைவில் ஸ்டாண்டும் ஃபுட்ரெஸ்ட்டும் தரையில் உரசுவதற்கும் இதுவே காரணம்.

பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் எழும். ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள்) இன்னும் சாய்வாகி, முன் சக்கரத்தின் மேல் எடை குறைந்து, ஹேண்டில் லேசாகி ஆடும். சைடு ஸ்டாண்டும் பிரச்சினையாகும்: வண்டி தாழ்ந்ததால் ஸ்டாண்டு நீளமாகிப்போன கணக்கு. பைக் நிமிர்ந்து நிற்கும், வலப்பக்கம் விழப் பார்க்கும். சுமையோடு நிறுத்தும்போது ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி, முதல் கியரில் விடுங்கள்.

காட்சி: ஹெல்மெட் கேமரா. பின் சீட்டிலிருந்து சாலை.

இப்போது சாலைக்கு. முதல் பத்து நிமிடம் நகரத்தில், இரண்டாம் கியரில் ஊர்ந்து போங்கள். அகலமான காலி இடத்தில் இருபுறமும் ஹேண்டிலை முழுக்க ஒடித்து யூ-டர்ன் எடுங்கள். 60 கி.மீ. வேகத்தில் நேர்ச்சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்து, சொல்லிவிட்டு அழுத்திப் பிரேக் பிடியுங்கள். பின் சீட்டுக்காரர் சறுக்கி வந்து உங்கள் முதுகில் மோதுகிறாரா, ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடிக்கிறதா? சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். மலை இறக்கம் முழுக்க இதே கதைதான், உங்கள் மணிக்கட்டில் இரண்டு பேர் எடை.

நாலாம் கியரில் 50இலிருந்து 80. கண்ணாடியைப் பாருங்கள், பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாத அளவுக்கு நடுங்குகிற வேகம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில்தான் நாளெல்லாம் போகப் போகிறீர்கள் என்றால் அந்த பைக் வேண்டாம்.

அரை மணி கழித்து இடம் மாறுங்கள். ஆமாம், நீங்கள் பின்னால் உட்காருங்கள், அவருக்கு ஓட்டத் தெரிந்தால். தெரியாவிட்டால் ஷோரூம் ஆள் ஓட்டட்டும். பின் சீட் முன் சீட்டைவிட உயரம், ஆகவே விண்ட்ஸ்கிரீன் உங்களுக்குத் தடுக்கிற காற்று அவர் ஹெல்மெட்டில் அறைகிறது. முட்டி எவ்வளவு மடங்குகிறது? வலது காலில் சைலன்சர் சூடு படுகிறதா? கிராப் ரெயில் (பின் சீட்டுக்காரர் பிடிக்கும் கம்பி) கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, இல்லை பின்னால் எங்கோ முதுகுக்குக் கீழே இருக்கிறதா? இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரியாது. இருபதாவது நிமிடத்தில் அவர் இடுப்பை நகர்த்தி நகர்த்தி உட்கார ஆரம்பித்தால், அந்த சீட் 300 கி.மீ.க்கு ஆகாது. பின்னால் சாய ஏதாவது இருந்தால் பாதி வலி போய்விடும். சூப்பர் மீட்டியோரின் டூரர் வகையில் பேக்ரெஸ்ட் கம்பெனியிலிருந்தே வருகிறது. இறங்கியதும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "எங்கே வலித்தது?" என்று கேளுங்கள்.

டேங்க் கொள்ளளவை எல்லாரும் பெரிதாகப் பேசுவார்கள். ஜோடிப் பயணத்தில் 100 கி.மீ.க்கு ஒருமுறை டீக்கடையில் நிற்கத்தான் போகிறீர்கள். 12 லிட்டரும் போதும்.

காட்சி: சேடில் பேக் பொருத்தும் மெக்கானிக். கையில் கழற்றிய சாரி கார்டு.

பேக் மாட்டும்போது ஒரு தவறு ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. சேடில் ஸ்டே போட இடம் வேண்டும் என்று சாரி கார்டைக் கழற்றி உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123 கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியாவது மூடும் தடுப்பு மூன்றும் வேண்டும் என்கிறது. துப்பட்டா சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கார்டு இருக்கும்படியே பொருத்தக்கூடிய ஸ்டேயைத் தேடுங்கள்.

டாப் பாக்ஸில் கனமானதை வைக்காதீர்கள். பின் அச்சுக்குப் பின்னால், உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கும். டூல்ஸ், தண்ணீர் எல்லாம் சேடில் பேக்கில் கீழே. டாப் பாக்ஸில் மழைக்கோட்டும் துணியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைப் பக்கம் போனால் பக்கக்காற்று அந்தப் பெட்டியை எப்படிப் பிடித்துத் தள்ளுகிறது என்று பார்க்கலாம். செயின் தளர்வையும் இருவரும் உட்கார்ந்த நிலையில் ஒருமுறை பாருங்கள். சஸ்பென்ஷன் அமுங்க அமுங்கச் செயின் இறுகும். தனி ஆளுக்கு அளவாக இருப்பது இருவருக்குக் கம்பி மாதிரி விறைத்துப்போய் பேரிங்கைத் தின்னும். பின் டயர் காற்றும் அப்படித்தான், மேனுவலில் பின்னால் ஆள் இருந்தால் என்று தனி அளவு இருக்கும், அதைக் குளிர்ந்த டயரில் பிடியுங்கள்.

காட்சி: இரவு. சுவரில் ஹெட்லைட் வெளிச்சம், குறுக்கே ஒரு டேப் கோடு.

கடைசியாக ஹெட்லைட். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஓட்டுபவர் மட்டும் உட்கார்ந்து, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பில் சுவரில் டேப் ஒட்டுங்கள். பிறகு முழுச் சுமையோடு இருவரும் உட்காருங்கள். விளிம்பு டேப்புக்கு மேலே போயிருக்கும். முதலில் பிரீலோடைச் சரிசெய்துவிட்டு, மிச்சம் இருப்பதை ஹெட்லைட் திருகில் இறக்குங்கள். சில பைக்குகளில் திருகு இருக்காது, பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்திக் கையால் சாய்க்க வேண்டும். எது என்று டெலிவரி எடுக்கும்போதே சர்வீஸ் அட்வைசரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.