ஒரு பிடியும் ஒரு ஓமரும்

(மதுரையில் ஒரு கிறிஸ்துமஸ் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: 'மனநிறைவு தருவது உலக வெற்றியா, கிறிஸ்தவ விசுவாசமா?' விசுவாசமே என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கு அனுதாபம். மார்கழிப் பனிக்குத் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, பேரப்பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற அப்பத்தாக்களுக்கு மட்டும் ரெண்டு வணக்கம். அவ்வளவுதான், விஷயத்துக்கு வந்துட்டேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "வெற்றி வரட்டும், நிறைவு தானா பின்னாடி வரும்"னார். ஐயா, இந்த மார்கழியில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. மல்லி விலை உச்சியில நிக்கும். விவசாயி மூஞ்சியில சந்தோசம் இருக்கான்னு பாருங்க. இருக்காது. ஏன்? பனிக்குச் செடியில மொட்டு பிடிக்காது. மூணு கிலோ பறிச்ச தோட்டத்துல முந்நூறு கிராம் பறிக்கிறார். சரி, சித்திரையில போங்க. செடி முழுக்கப் பூ. விலை? கேக்காதீங்க. விடியிறதுக்குள்ள பறிச்சு, பொழுது சாயிறதுக்குள்ள விக்கணும். மொட்டு விரிஞ்சுட்டா சென்ட் ஃபேக்டரிக்காரன் சொன்னதுதான் விலை. விலை இருக்கிறப்ப பூ இல்ல, பூ இருக்கிறப்ப விலை இல்ல. உங்க வெற்றி இதுதான் ஐயா. ரெண்டும் ஒருநாள் சேர்ந்து வரும்னு காத்திருந்து காத்திருந்தே நமக்குத் தலை நரைச்சுப் போச்சு.

இந்தத் 'தானா வரும்'கிற சொல்லு இருக்கே, அதுலதான் எனக்குச் சண்டை. கிறிஸ்துவை ஊர் ஊராச் சொன்ன அப்போஸ்தலர் பவுல், பிலிப்பிங்கிற ஊர்ச் சபைக்குக் கடிதம் எழுதுறார். எங்க இருந்து? காவல்ல, கட்டுண்டு கிடக்கிற இடத்துல இருந்து. மனுசனுக்குத் தொழில் கூடாரம் செய்யிறது. அவர் எழுதுறார்: "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." கவனிங்க, கற்றுக்கொண்டேன்! கூடாரத்துணி தைக்கக் கத்துக்கிட்ட மாதிரி இதையும் கத்துக்கிட்டேங்கிறார். ஊசி குத்தாம எவன் தையல் படிச்சான்? கிரேக்கத்துல அவர் போட்ட சொல் 'ஆட்டார்க்கேஸ்'. அது ஸ்டோயிக் தத்துவக்காரங்க பெருமையாச் சொல்லிக்கிட்ட சொல். எவன் தயவும் வேண்டாம்னு தன் கால்ல நிக்கிறவன்னு அர்த்தம். பவுல் அந்தச் சொல்லைக் கடன் வாங்கி, ரெண்டு வசனம் தள்ளி 'கிறிஸ்துவினாலே'ன்னு போட்டுட்டார். சொல்லு அவங்களோடது, ஆனா இவர் சாஞ்சு நிக்கிற தூண் வேற.

அந்த வசனத்தைத்தான் எதிரணியில முதல்ல பேசின தம்பி எடுத்து வீசினார். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு, இதுவே வெற்றி வசனம்தானே"ன்னு. தம்பி, அது 4-ம் அதிகாரம் 13-ம் வசனம். நீங்க 12-ஐ ஏன் தாண்டிக் குதிச்சீங்க? 12-ல 'பட்டினியாயிருக்கவும்'னு இருக்கு. 'குறைவுபடவும்'னு இருக்கு. 'எல்லாவற்றையும்'னா அதையும் சேர்த்துத்தான். ஆட்டோ கண்ணாடியில 13 மட்டும் ஒட்டியிருக்கும். 12-ஐ ஒட்டினா சவாரி ஏறாதுன்னு ஆட்டோக்காரருக்குத் தெரியும்! வருசப்பிறப்பு ராத்திரி ஆராதனையில, வருசத்துக்கு ஒரு வசனம்னு வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, 'ஆசீர்வதிப்பேன்', 'பெருகப்பண்ணுவேன்' வந்தா நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிறோம். 'பொறுமை'ன்னு வந்தா? "போதகர் ஐயா, இது ஒட்டிக்கிட்டு ரெண்டா வந்துருச்சு, வேற ஒண்ணு எடுத்துக்கிறேன்." சிரிக்கிறீங்க. மாத்தி எடுத்தவங்கதான் முதல்ல சிரிக்கிறீங்க.

இப்ப நம்ம ஆளுங்க கதைக்கு வாரேன். எகிப்துல இஸ்ரவேல் மக்களுக்கு என்ன வேலை? செங்கல் அறுக்கிறது. களிமண்ணுல வைக்கோல் கலந்து மிதிக்கணும். கலக்கலைன்னா காயும்போது கல்லு வெடிச்சுப் போகும். நம்ம பக்கம் மண்சுவர் வச்சவங்களுக்கு இது தெரியும். எகிப்து ராஜா பார்வோன் என்ன பண்ணினான்? "இனிமே வைக்கோல் தரமாட்டேன், நீங்களே பொறுக்கிக்கோங்க. ஆனா கல்லு எண்ணிக்கை ஒண்ணுகூடக் குறையக் கூடாது." நடுவர் ஐயா, இதுக்கு இன்னைக்கு என்ன பேரு? டார்கெட்! ஆளைக் குறைப்பான், டார்கெட்டைக் குறைக்க மாட்டான். ஆபீஸ்ல வேலை பாக்கிற பிள்ளைங்கதான் இப்பப் பலமாக் கைதட்டுது, பாருங்க.

அங்கிருந்து தப்பிச்சு வனாந்தரத்துக்கு வந்தாச்சு. சாப்பாட்டுக்கு? காலையில பனி விலகினதும் தரையில ஒண்ணு கிடக்கு. சின்னதா, உருண்டையா, கொத்தமல்லி விதை மாதிரி, வெள்ளையா. "இது என்ன?"ன்னு கேட்டாங்க, அந்தக் கேள்வியே அதுக்குப் பேரா நின்னுருச்சு, மன்னா. ருசி எப்படி? தேனிட்ட பணிகாரம் மாதிரின்னு எழுதியிருக்கு. பணியாரம் ஐயா! சும்மா கிடக்குது பணியாரம்!

ஆனா அதுக்கு ஒரு சட்டம் இருக்கு. நம்ம ரேஷன் கடையை விடக் கறாரான சட்டம். தலைக்கு ஒரு ஓமர், சுமாரா 2 லிட்டர். கூடாரத்துல எத்தனை தலையோ அத்தனை ஓமர். வெயில் ஏறினா உருகிப்போகும், அதனால காலையிலயே போகணும்; தூங்குமூஞ்சிக்கு ஒண்ணும் கிடையாது. எதிரணி சொல்லுது, 'போதும்'னா சோம்பேறித்தனம்னு. யாரு சோம்பேறி? குனிஞ்சு பொறுக்கணும், திரிகையில அரைக்கணும், இல்ல உரல்ல இடிக்கணும், அப்புறம் சுடணும். அத்தனை வேலையும் உண்டு. நாளைக்குன்னு பதுக்குறது மட்டும்தான் கூடாது.

நம்ம ஆளு கேப்பானா? ஒருத்தன் வச்சான். நாளைக்கு இறங்காட்டி என்ன பண்றதுன்னு பானைக்குள்ள வச்சு, மேல ஒரு மூடி, மூடிமேல ஒரு கல்லு. பொண்டாட்டி கேக்குறா, "என்னத்த மூடுற?" "ஒண்ணுமில்ல, நீ படு." விடிஞ்சுச்சு. பக்கத்துக் கூடாரத்துக்காரன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாரான். மூடியத் திறந்தா புழு, ஒரே நாத்தம். அவங்களைக் கூட்டிட்டு வந்த மோசேக்குக் கோபம் வந்துச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, ஆறாம் நாள் மட்டும் ரெண்டு ஓமர் எடுத்து வச்சுக்கலாம். அன்னைக்கு வச்சது நாறாது, புழுக்காது. அதே மன்னா, அதே பானை, அதே மூடி. ஓய்வுநாளுக்குன்னு வச்சா நிக்குது, பயத்துல வச்சா புழுக்குது. ஏழாம் நாளும் கூடையைத் தூக்கிக்கிட்டுப் போனவங்க இருந்தாங்க. ஞாயித்துக்கிழமையும் லேப்டாப்பைத் திறக்கிற ஆளுங்க அன்னைக்கே இருந்திருக்காங்க! ஒண்ணும் கிடைக்கல.

முடிஞ்சுச்சா? முடியல. கொஞ்ச காலத்துல அழ ஆரம்பிச்சாங்க. என்னன்னு? "எகிப்துல மீன் தின்னோமே, வெள்ளரிக்கா தின்னோமே, கொம்மட்டிக்கா, கீரை, வெங்காயம், வெள்ளப்பூண்டு..." பணியாரம் கையில இருக்கு, வெஞ்சனத்துக்கு அழுவுது வாய்! சாட்டை ஞாபகம் இல்ல. வைக்கோல் ஞாபகம் இல்ல. வெங்காயம் ஞாபகம் இருக்கு. எதிரணி அரை மணி நேரமா வெற்றி, வெற்றின்னு பட்டியல் வாசிச்சாங்களே, வீடு, காரு, வெளிநாடுன்னு, அதுல வெங்காயம் எது, சாட்டை எதுன்னு பிரிச்சுச் சொன்னாங்களா?

இப்ப அந்த ரெண்டாவது தம்பிக்கு வாரேன். அவர் கேட்ட கேள்விக்குத்தான் இன்னைக்குப் பெரிய கைதட்டல். "போதும் போதும்னு பிரசங்கம் பண்ற கோயில்ல, காணிக்கைப் பை மட்டும் ஏன் ரெண்டு தரம் சுத்தி வருது?" நல்ல கேள்வி. எனக்கே கை தட்டணும்போல இருந்துச்சு. இருக்கிற நேரமெல்லாம் போனாலும் சரி, இதுக்குப் பதில் சொல்லாம நான் இறங்கமாட்டேன்.

முதல்ல ஒத்துக்கிறேன். ஆசீர்வாதத்தை விலை போட்டு விக்கிறவங்க இருக்காங்க. "ஆயிரம் குடு, கர்த்தர் லட்சமாத் தருவார்"ங்கிற ஆளு இருக்கார். ஆனா தம்பி, நல்லா யோசிச்சுப் பாருங்க. லட்சம் வந்தாத்தான் நிறைவுன்னு சொல்றவர் எந்த அணி? உங்க அணி! உங்க அணி ஆளு எங்க அங்கியைப் போட்டுக்கிட்டு நிக்கிறார். தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போங்க.

ரெண்டாவது, எங்க பை எப்படி நிறையுதுன்னு உங்களுக்குத் தெரியல. விளைஞ்சதைக் கோயிலுக்குக் காணிக்கையாக் கொண்டுவர்ற அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒருநாள் வந்து நில்லுங்க. ஒரு பூசணிக்கா ஏலத்துக்கு வரும். கடையில அம்பது ரூபா பெறாது. ஐநூறுக்கு எடுப்பார் ஒருத்தர். எடுத்துட்டு வீட்டுக்குக் கொண்டுபோவாரா? "திரும்ப ஏலம் விடுங்க"ன்னு மேடையிலயே வச்சுட்டுப் போயிருவார். அடுத்தவர் அறுநூறு. அவரும் வச்சுட்டுப் போயிருவார். கீழமாசி வீதியில பரம்பரையா யாவாரம் பண்றவர்கிட்ட இந்தக் கணக்கைக் கேளுங்க, தலை சுத்தி விழுந்துருவார். ஒரே காய், அஞ்சு தரம் வித்துருச்சு, எவனும் கொண்டுபோகல, எல்லாருக்கும் சந்தோசம்!

மூணாவது, பையில காசு போட முடியாதவங்க என்ன பண்ணுவாங்க? அவங்களுக்கு வேற ஒரு காணிக்கை இருக்கு, பிடி அரிசி. இதை இங்க பாதிப் பேர் மறந்துட்டாங்க, அதனால நிதானமாச் சொல்றேன். உலை வைக்கிறப்ப அரிசியை அளந்து போடுறீங்க. களையிறதுக்கு முன்னாடி அதுல இருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்துல போடணும். களைஞ்ச பிறகு எடுக்கக் கூடாது. ஈரம் பட்டா ரெண்டே நாள்ல மக்கி வாடை வந்துரும். கலயத்துல ரெண்டு காஞ்ச மிளகா போட்டு வச்சா வண்டு அண்டாது. மிஞ்சினதுல இருந்தும் எடுக்கக் கூடாது, அளந்ததுல இருந்துதான் எடுக்கணும். ஒரு பிடி சுமார் 40 கிராம். ரெண்டு வேளை உலைன்னா மாசத்துக்கு ரெண்டரைக் கிலோ பக்கம் வரும். அம்பது வீட்டுச் சபைன்னா 125 கிலோ, 25 கிலோ சிப்பம் அஞ்சு. ஒரு வீட்டுலயும் ஒரு ஆளுக்கும் வயிறு குறையல!

இதுலயும் கோளாறு உண்டு. வீட்டுக்குப் பொன்னி, கோயிலுக்கு ரேஷன் அரிசின்னு போடுற புத்திசாலிகள் உண்டு. பச்சரிசியும் புழுங்கலும் ஒண்ணாக் கலந்துரும். பொங்கி இறக்கினா ஒண்ணு கொழகொழன்னு குழைஞ்சு போயிருக்கும், இன்னொண்ணு பல்லுல நறநறன்னு நிக்கும். கோயில் ஊழியம் பாக்கிற உபதேசியாருக்குச் சோத்தைப் பாத்தே தெரிஞ்சுரும், எந்தெந்த வீடுன்னு! இன்னும் சிலர் வாராவாரம் கொண்டுவராம, "மொத்தமாக் கொண்டுபோவோம்"னு மாசக்கணக்குல வச்சிருப்பாங்க. மூணாவது மாசம் கலயத்தைத் திறந்தா வண்டும் புழுவும். ஞாபகம் வருதா? அதே பானை, அதே மூடி!

"வசதியில்லாதவன் தனக்குத்தானே சொல்லிக்கிற சமாதானம்தான் இந்தப் போதும்"னும் அந்தத் தம்பி ஒரு குத்து குத்தினார். போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் அரண்மனையில இளவரசரோட வளர்ந்த பிள்ளை நம்ம அருளானந்தர், ஜான் டி பிரிட்டோங்கிற பாதிரியார். அந்த இளவரசர் ராஜாவானார். மறவர் நாட்டுல, அதான் நம்ம ராமநாதபுரம் பக்கம், அடிபட்டு, உதைபட்டு ஊர் திரும்பின அருளானந்தரைப் பாத்து "இங்கயே இரு"ன்னார். அவர் திரும்பவும் கப்பல் ஏறி இந்த வெயிலுக்கு வந்தார், 1693-ல ஓரியூர்ல வெட்டுப்பட்டார். அரண்மனை எட்டாமலா வேண்டாம்னார்? இதை விரிச்சா விடிஞ்சிரும்.

நடுவர் ஐயா மணியில கை வச்சுட்டார். கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன்னு நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு பொம்பளையைப் பத்திச் சொல்லிட்டு இறங்கிடுறேன்.

சாறிபாத்துன்னு ஒரு ஊர். மழையில்லை. ஒரு விதவை ஊர் வாசல்ல விறகு பொறுக்கிக்கிட்டு இருக்கா. எலியா தீர்க்கதரிசி வந்து அப்பம் கேக்குறார். அவ சொல்றா, பானையில ஒரு பிடி மாவும் கலயத்துல கொஞ்சம் எண்ணெயும்தான் இருக்கு, நானும் என் மகனும் அதைச் சாப்பிட்டுச் செத்துப்போகப் போறோம்னு. ஒரு பிடி! எலியா சொல்றார், முதல்ல எனக்கு ஒரு சின்ன அடை பண்ணிக் கொண்டா, அப்புறம் உங்களுக்குப் பண்ணு. என்ன மனுசன்யா இவர்னு நமக்குக் கோவம் வரும். அவ போய்ச் செஞ்சா. ஏன் செஞ்சா? மாவு தீராதுன்னு எலியா கர்த்தர் பேர்ல ஒரு வாக்குச் சொன்னார்; அதுக்கு மேல அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு வேதத்துல எழுதல.

அதுக்கப்புறம் மாவு தீரலைன்னு எழுதியிருக்கு. பானை நிறைஞ்சுச்சுன்னு எழுதல ஐயா. நான் திரும்பத் திரும்ப வாசிச்சுட்டேன், நிறைஞ்சுச்சுன்னு எங்கயும் இல்ல. தீரல, அவ்வளவுதான். அப்படின்னா ஒவ்வொரு நாளும் அவ கையை உள்ள விட்டப்ப, விரலுக்குப் பானையோட அடி தட்டியிருக்கும். ஒவ்வொரு நாளும்.

அந்தச் சத்தம் இங்க இருக்கிற எத்தனையோ பேருக்குத் தெரியும். விடியக்காலை இருட்டுல, பாயில படுத்துக் கிடக்கிறப்ப, அடுக்களையில அம்மா அரிசிப் பானைக்குள்ள படியை விடுற சத்தம். நிறைய இருந்தா 'சரக்'குன்னு கேக்கும். இல்லாட்டி தகரம் உரசும். அந்த உரசல் கேட்டதும் பிள்ளைங்க கண்ணை மூடிக்கிட்டு, தூங்கின மாதிரியே கிடக்கும். கேட்டா அம்மாவுக்கு வருத்தமா இருக்கும்னு.

அந்த உரசல் கேட்ட காலையிலயும், அரிசியை அளந்து, களையிறதுக்கு முன்னாடி, அந்தச் சின்னக் கலயத்துல ஒரு பிடி விழுந்துச்சு. அந்தச் சத்தமும் பிள்ளைங்களுக்குக் கேட்டுச்சு.

மணி அடிங்க ஐயா. அந்தப் பிடிக்கு எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியாது. வணக்கம்.