பாதி விலை வீடும் ஆம்புலன்ஸ் ஊழியரின் சம்பளச் சீட்டும்

வணக்கம். போன காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் கிரீன் கார்டு பெற்று டெக்சாஸில் இருக்கிறார். ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ ஊழியர். "ஆம்புலன்ஸில் வேலை செய்பவர்களுக்கு அமெரிக்க அரசு பாதி விலைக்கு வீடு கொடுக்கிறதாமே, உண்மையா? இல்லையென்றால் முன்பணத்துக்கு இங்கே இருக்கும் நிலத்தை விற்று அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்" என்கிறார். நிலத்தைப் பற்றிய அந்த வரியைப் படித்ததும் இன்றைக்கே பதில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பாதி விலை என்பது உண்மைதான் அம்மா. ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறை நடத்தும் திட்டம் அது. பெயர் 'குட் நெய்பர் நெக்ஸ்ட் டோர்'. காவலர், ஆசிரியர், தீயணைப்பு வீரர், அவசர மருத்துவ ஊழியர் ஆகியோருக்குப் பட்டியல் விலையில் 50 சதவீதத் தள்ளுபடி. எஃப்.எச்.ஏ. கடன், அதாவது மத்திய அரசு காப்பீடு தரும் வீட்டுக் கடன் எடுத்தால், முன்பணம் வெறும் 100 டாலர். ஆனால் எல்லா வீடுகளுக்கும் இது கிடையாது. கடன் கட்ட முடியாமல் போய் அரசின் கைக்கு வந்த வீடுகளில், மறுசீரமைப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் இருப்பவை மட்டும்தான். 7 நாள்தான் பட்டியலில் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கேட்டால் குலுக்கல். கிடைத்துவிட்டால் 36 மாதம் அங்கேயே குடியிருக்க வேண்டும். அதுவரை தள்ளுபடித் தொகை வட்டியில்லாத இரண்டாவது அடமானமாக வீட்டின் மேல் நிற்கும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அரசு, மாவட்டம், நகராட்சி போன்றவற்றின் தீயணைப்புத் துறையிலோ அவசர மருத்துவப் பிரிவிலோ முழுநேர வேலை இருக்க வேண்டும். அந்த வீடு இருக்கும் பகுதிக்கு அந்தப் பிரிவு சேவை செய்ய வேண்டும். தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் வேலை என்றால் பொருந்தாது. ஒரே ஆபத்து, ஒரே ஸ்ட்ரெச்சர், ஒரே இரத்தக் கறை. ஆனாலும் சம்பளம் போடுவது யார் என்பதை வைத்துத் தகுதியைப் பிரிக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. மகனிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

டெக்சாஸுக்கு வேறு வழியும் இருக்கிறது. 'ஹோம்ஸ் ஃபார் டெக்சாஸ் ஹீரோஸ்' என்ற மாநிலத் திட்டத்தில் அவசர மருத்துவ ஊழியர்கள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வருமான உச்சவரம்பு உண்டு. கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் கிரெடிட் மதிப்பெண் குறைந்தது 620 வேண்டும். கடன் தொகையில் 5 சதவீதம் வரை முன்பண உதவி கிடைக்கும். 2,40,000 டாலர் வீட்டுக்கு எஃப்.எச்.ஏ. கேட்கும் 3.5 சதவீத முன்பணம் 8,400 டாலர். மீதி 2,31,600 கடன். அதில் 5 சதவீதம் 11,580. முன்பணம் போக, பத்திரச் செலவுக்கும் கொஞ்சம் மிஞ்சும். உதவி கூடினால் வட்டி விகிதமும் கூடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி என் வழக்கமான பேச்சுக்கு வருகிறேன். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்: முன்பணத்தைப் பார்த்து வீடு வாங்காதீர்கள், தவணையைப் பார்த்து வாங்குங்கள். நாற்பது வயதில் வீடு வாங்கியவர்களுக்காகச் செய்த காணொளியிலும் இதைத்தான் சொன்னேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அவசர மருத்துவ ஊழியரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் சுமார் 41,000 டாலர், அதாவது பாதிப் பேர் இதற்கும் கீழேதான் வாங்குகிறார்கள். மாதத்துக்கு 3,400, அதுவும் வரிக்கு முன்னால். மேலே சொன்ன கடனுக்கு 6.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்கு மாதத் தவணை 1,460 டாலருக்கு மேல். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, ஆனால் சொத்து வரி கடுமை. அதையும் வீட்டுக் காப்பீட்டையும் அடமானக் காப்பீட்டையும் சேர்த்தால் மாதம் 2,000 டாலரைத் தாண்டிவிடும். இதை அடிப்படைச் சம்பளத்தில் கட்ட முடியாது. பிறகு எப்படிக் கடன் தருகிறார்கள்? ஓவர்டைமை வைத்து. இரண்டு ஆண்டுகளாக ஓவர்டைம் வந்திருந்து, இனியும் வரும் என்று நம்ப இடமிருந்தால் அதையும் வருமானமாகக் கணக்கிடுவார்கள்.

ஹூஸ்டன் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இருக்கிறார்கள். கணவர் பாராமெடிக், அதாவது கூடுதல் பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர். அவர் சம்பளச் சீட்டை என் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். இரண்டு வாரத்துக்கு 80 மணி நேரம் ஒரு வரியில், 44 மணி நேரம் ஓவர்டைம் அடுத்த வரியில். 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு என்ற முறையில் வாரத்துக்குச் சராசரி 56 மணி நேரம் வந்துவிடும். அந்த ஓவர்டைம் பணி அட்டவணையிலேயே இருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. அதற்கு மேல் ஓய்வு நாளிலும் போய் உழைத்த மணி நேரம்தான் என்னை உறுத்தியது. அதையும் சேர்த்துத்தான் வீடு வாங்கினார்கள். பிறகு மாடிப்படியில் ஒரு நோயாளியை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் அலுவலக வேலை. ஓவர்டைம் வரி காலியாகிவிட்டது. தவணை ஒரு டாலர்கூடக் குறையவில்லை. கடைசியில் வீட்டை விற்றுவிட்டார்கள். பிறர் உயிரைத் தூக்கிச் சுமக்கும் முதுகை நம்பி முப்பது வருடக் கடனா?

நிலத்துக்கு வருகிறேன். பெற்றோர் பணம் தரலாம், எஃப்.எச்.ஏ. கடனில் அனுமதி உண்டு. திருப்பிக் கேட்க மாட்டேன் என்று நீங்கள் கையெழுத்திட்ட பரிசுக் கடிதமும், பணம் வந்த வழிக்கான ஆதாரமும் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கலில் திரும்பப் பெறலாம். வழி இருக்கிறது. ஆனால் இப்போதைக்கு விற்காதீர்கள் அம்மா. மகனிடம் கடந்த இரண்டு ஆண்டுச் சம்பளச் சீட்டுகளை வாங்கி, ஓய்வு நாளில் பார்த்த வேலையைத் தனியாகக் கழித்து, மீதித் தொகையை மட்டும் எனக்கு எழுதுங்கள். எந்த விலை வரைக்கும் வீடு பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.