வியாழன் ஓர் ஊர், சனி அடுத்த ஊர்

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அமெரிக்க மேற்குப் பகுதியின் ஒன்பது பல்கலைக்கழகங்கள், தங்கள் விளையாட்டு ஒளிபரப்பு உரிமைகளைச் சேர்ந்தே எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் அன்று கையெழுத்திடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பொழுது சாய்வதற்குள் வாஷிங்டன், ஓரிகன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய ஐந்தும் வேறு இடம் போய்விட்டன. எஞ்சியவை நான்கு. 1915இல் போர்ட்லண்டில் தொடங்கிய மரபைத் தன் வரலாறாகச் சொல்லிக்கொள்ளும் 'பேக்-12' என்ற விளையாட்டுக் 'கான்ஃபரன்ஸ்' அன்றே குலைந்தது.

'கான்ஃபரன்ஸ்' என்பதை 'மாநாடு' என்று தமிழாக்கினால் கேட்பவர் பந்தலையும் மேடையையும் தேடுவார். ஆகவே நான் 'கூட்டமைப்பு' என்றே சொல்லப் போகிறேன். ஆண்டுதோறும் தமக்குள் ஆடிக்கொள்ளவும், அதற்கு விதி வகுத்துக்கொள்ளவும், ஒளிபரப்பில் வரும் பணத்தைப் பகிர்ந்துகொள்ளவும் பல்கலைக்கழகங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு எவ்வளவு பெரிய தொழில் என்பதை அறியாதவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன்: 'பிக் டென்' என்ற கூட்டமைப்பு 2022இல் ஏழு ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல்.

பணத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இழந்தது என்ன என்பது அதில்தான் தெரியும். பேக்-12இன் பன்னிரண்டு உறுப்பினர்களையும் ஆறு இணைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும். ஓரிகன் மாநிலத்தில் யூஜின் ஊரின் ஓரிகனும் கார்வாலிஸ் ஊரின் ஓரிகன் ஸ்டேட்டும். இப்படியே வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் இணை, அரிசோனாவில் ஒன்று, மலைநாட்டில் ஒன்று. ஒரு கூடைப்பந்து அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனால் வியாழக்கிழமை ஒரு பல்கலைக்கழகத்தோடும் சனிக்கிழமை அடுத்ததோடும் ஆடிவிட்டு ஊர் திரும்பும். ஒரே பயணம், ஒரே விடுதி, இரண்டு ஆட்டம். திங்கட்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். வாஷிங்டன் இணை மட்டும் இந்தக் கணக்கில் சற்று இடிக்கும். ஒன்று இருக்கும் சியாட்டிலிலிருந்து மற்றது இருக்கும் புல்மன் போய்ச் சேர ஐந்து மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். இருந்தாலும் கால அட்டவணை போட்டவருக்கு நிலப்படம் தெரிந்திருந்தது. இன்றைய அட்டவணைகளைப் பார்த்தால் எனக்கு அந்த நம்பிக்கை வருவதில்லை.

இனிப் பணம். 1984 வரை கல்லூரிக் கால்பந்து (நாம் ஆடும் கால்பந்து அன்று, அமெரிக்கக் கால்பந்து) ஒளிபரப்பைத் தேசிய விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ தன் கைக்குள் வைத்திருந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் தொலைக்காட்சியில் வரக்கூடாது என்பது விதி. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. அது போட்டியைத் தடுக்கும் செயல் என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பைரன் வைட், கொலராடோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது புகழ்பெற்ற கால்பந்து வீரராக இருந்தவர். கல்லூரி விளையாட்டை வெறும் வணிகமாக எடைபோடக்கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அதே கொலராடோதான் 2023 ஜூலை 27 அன்று பேக்-12இலிருந்து வெளியேறி, மற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

தீர்ப்புக்குப் பிறகு விற்கும் உரிமை கூட்டமைப்புகளின் கைக்கு வந்தது. 2007இல் பிக் டென் தனக்கென்று ஒரு தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கியது. அதன் உறுப்பினர் இருக்கும் மாநிலத்தில் ஒவ்வொரு கேபிள் வீடும், ஆட்டம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், மாதச் சந்தாவில் ஒரு பங்கை அதற்குச் செலுத்தியது. நடு மேற்கு மாநிலங்களின் கூட்டமைப்பு 2014இல் நியூஜெர்சியின் ரட்கர்ஸையும் மேரிலாந்தையும் ஏன் சேர்த்துக்கொண்டது என்று கேட்டால், நியூயார்க்கையும் தலைநகர் வாஷிங்டனையும் சுற்றியுள்ள கேபிள் இணைப்புகளை எண்ணிப் பார்த்தால் போதும். பேக்-12உம் 2012இல் ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. கூட்டாளி யாரும் இல்லாமல் முழுவதையும் தானே வைத்துக்கொண்டது. பெரிய செயற்கைக்கோள் நிறுவனமான டைரக்ட்டிவி கடைசிவரை அதை எடுக்கவே இல்லை. சொந்தக் கடை வைத்தார்கள். தெருவுக்கு வழி விட மறந்தார்கள்.

2021இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் தென்கிழக்குக் கூட்டமைப்பான எஸ்இசிக்குப் போவதாக அறிவித்தபோது, பிக் டென், ஏசிசி, பேக்-12 ஆகிய மூன்று கூட்டமைப்புகளும் கலங்கி அந்த ஆகஸ்டில் 'கூட்டணி' ஒன்றை அறிவித்தன. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பெரிய மனிதர் வாக்கே போதும் என்றார்கள். பத்து மாதம் கழிந்து, 2022 ஜூன் 30 அன்று, அந்தக் கூட்டணியின் ஓர் அங்கமான பிக் டென், இன்னோர் அங்கமான பேக்-12இலிருந்து யூஎஸ்சியையும் யூசிஎல்ஏவையும் எடுத்துக்கொண்டது. நாட்டின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தை அவர்களோடு போயிற்று.

அதற்குப் பின்னும் மீள வழி இருந்தது என்பது என் கருத்து. ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு 3 கோடி டாலர் தர விளையாட்டு அலைவரிசையான ஈஎஸ்பிஎன் முன்வந்ததாகவும், 5 கோடி வேண்டும் என்று பேக்-12 தலைவர்கள் கேட்டதாகவும் பின்னாளில் செய்திகள் வந்தன. அதற்கிடையே, 2022 அக்டோபரில், பிக் 12 என்ற இன்னொரு கூட்டமைப்பு முந்திக்கொண்டு தன் ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. கடைசியில் பேக்-12இன் மேசைக்கு வந்தது ஆப்பிள் நிறுவனத்தின் திட்டம் மட்டுமே. சந்தாதாரர் கூடினால்தான் வருமானம் கூடும் என்பது அதன் அடிப்படை. அந்தத் திட்டத்தை நம்பித்தான் அந்த வெள்ளிக்கிழமை கையெழுத்திட வேண்டியிருந்தது. ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் பாதிப் பங்குக்கு உடன்பட்டுப் போனார்கள். நிச்சயமான பாதி, நிச்சயமில்லாத முழுமையைவிட மேல் என்று அவர்கள் நினைத்ததில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை.

ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏசிசியில் சேர்ந்தன. ஏசிசியின் முதல் எழுத்து குறிப்பது அட்லாண்டிக் கடற்கரையை! அதிலும் தொடக்க ஆண்டுகளில் வழக்கமான ஒளிபரப்புப் பங்கில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் அவற்றுக்கு. பெர்க்லியும் யூசிஎல்ஏவும் ஒரே மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளைகள். அண்ணன் தம்பிகளில் ஒருவர் தனிக்குடித்தனம் போய் மற்றவருக்கு நட்டம் வந்ததால், மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 1 கோடி டாலரை யூசிஎல்ஏ பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு 2024இல் தீர்மானித்தது. இதற்கு 'கேலிமனி' என்று பத்திரிகைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். விவாகரத்து ஜீவனாம்சத்துக்கான ஆங்கிலச் சொல்லோடு கலிஃபோர்னியாவை ஒட்டவைத்த பெயர்.

இதில் கால்பந்து அணிகளுக்குப் பெரிய தொல்லை இல்லை. வாரத்துக்கு ஓர் ஆட்டம், தனி விமானம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ரட்கர்ஸுக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர், மூன்று மணி நேரக் கால வேறுபாடு. ஒரு பருவத்தில் இது ஒன்றிரண்டு முறை என்றால் தாங்கலாம். கைப்பந்து, சாஃப்ட்பால், கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டங்கள். அவர்கள் ஆட்டத்தை விற்று வந்த பணமும் இது அன்று. கால்பந்துக்காக வரைந்த நிலப்படத்தில் அவர்கள் பறக்க வேண்டியிருக்கிறது. கால்பந்தை மட்டும் தனியே பிரித்துவிட்டு மற்ற ஆட்டங்களை அக்கம்பக்கத்துக்கே திருப்பிவிடலாம் என்று அப்போது யூசிஎல்ஏவின் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லியே 2023இல் சொன்னார். நடக்காத காரியமும் அன்று. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் கால்பந்தில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல், பெரும்பாலான பிற ஆட்டங்களை 2013 முதல் ஏசிசியில் ஆடி வருகிறது.

யாரும் அழைக்காமல் எஞ்சியவை இரண்டு: கார்வாலிஸில் ஓரிகன் ஸ்டேட், புல்மனில் வாஷிங்டன் ஸ்டேட். இரண்டும் சிற்றூர்ப் பல்கலைக்கழகங்கள். ஓரிகன் ஸ்டேட் தன் கால்பந்து அரங்கின் மேற்குப் பகுதியைப் பெரும்பொருட்செலவில் இடித்துக் கட்டித் திறந்தது 2023இல்தான். கூட்டமைப்பு குலைந்த மறு மாதம் அந்தப் புது இருக்கைகளில் மக்கள் அமர்ந்தார்கள். வாஷிங்டன் ஸ்டேட்டின் கதையில் ஒரு கொடி வருகிறது. ஈஎஸ்பிஎன் சனிக்கிழமைதோறும் ஏதேனும் ஒரு பல்கலைக்கழக வளாகத்திலிருந்து நடத்தும் கால்பந்து நிகழ்ச்சியில், பேசுபவர்களின் முதுகுக்குப் பின்னே கூட்டத்துக்கு நடுவில் ஒரு செந்நிறக் கொடி ஆடும். 2003 அக்டோபரில் டெக்சஸின் ஆஸ்டினில் ஒரு முன்னாள் மாணவர் அதைத் தூக்கிப் பிடித்தார். அன்றிலிருந்து ஊர் ஊராகக் கூரியரில் போய், அந்தந்த ஊரில் இருக்கும் பழைய மாணவர் யாராவது கையில் ஏந்த, நிகழ்ச்சி தவறாமல் அது பறக்கிறது. இருபது ஆண்டுகள் தொலைக்காட்சியில் இலவசமாகத் தெரிந்த அந்தப் பல்கலைக்கழகத்தைத்தான், தொலைக்காட்சிக்கு மதிப்பில்லாதது என்று மற்றவர்கள் விட்டுப் போனார்கள்.

இருவரும் அழுதுகொண்டு உட்காரவில்லை. புல்மனுக்குப் பக்கத்து ஊரான கோல்ஃபாக்ஸில் உள்ள மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், விலகுபவர்களுக்குக் கூட்டமைப்பின் நிர்வாகத்தில் வாக்கில்லை என்று 2023 நவம்பரில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். பெயரும் இருப்பும் அவர்கள் கைக்கு வந்தன. தேசியச் சங்கத்தின் விதிப்படி உயர்மட்டக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு எட்டு உறுப்பினர் வேண்டும். பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் என்று மலைநாட்டிலும் கலிஃபோர்னியாவிலும் ஐந்தைச் சேர்த்து, தங்களோடு ஏழு வரை வந்துவிட்டார்கள். எட்டாவதுக்கு அருகில் யாரும் கிடைக்கவில்லை. 2025இல் டெக்சஸ் ஸ்டேட் வர இசைந்தது. அது இருக்கும் சான் மார்க்கோஸ் கார்வாலிஸிலிருந்து 2,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. வியாழக்கிழமை அங்கே ஆடிவிட்டுச் சனிக்கிழமை ஆட, பக்கத்தில் இன்னொரு பேக்-12 ஊர் இல்லை.