அவித்யை யாருக்கு?

அவையோர்க்கு வணக்கம்.

அத்வைதம் படிக்க உட்காரும் யாரும் சீக்கிரமே ஓர் இடத்தில் முட்டிக்கொள்வார்கள். உள்ளது பிரம்மம் ஒன்றே, அது அறிவே வடிவானது என்கிறோம். அப்படியானால் அவித்யை என்னும் அறியாமை யாரைப் பிடித்திருக்கிறது? பிரம்மத்தை என்றால், ஒளிக்குள் இருள் எப்படிக் குடியிருக்கும்? ஜீவனை, அதாவது தனி உயிரை என்றால், ஜீவன் என்று ஒருவன் தோன்றியதே அவித்யையால்தானே!

பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் விசிஷ்டாத்வைதியான ராமானுஜர் அத்வைதத்துக்கு எதிராக எழுப்பிய ஏழு அனுபபத்திகளில், அதாவது ‘பொருந்தவில்லை’ என்ற மறுப்புகளில், ஒன்று இது. ஆசிரய அனுபபத்தி, அதாவது அவித்யைக்கு இருப்பிடம் பொருந்தாமை, என்பார்கள். வேறு சித்தாந்தக்காரர் சொன்னது என்று இதை ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. ஏனென்றால் அத்வைதிகளே இதில் இரண்டுபட்டு நின்றார்கள். வாசஸ்பதி மிச்ரரின் பாமதி மரபு ஜீவனே இருப்பிடம் என்றது. வித்தும் முளையும் போல ஒன்றையொன்று சார்ந்த, தொடக்கமில்லாத தொடர் என்றது. எனக்கு இந்த உவமை போதவில்லை. இந்த வித்து தரும் முளை, வேறொரு வித்தைத் தருகிறது. இங்கேயோ அதே ஜீவனும் அதே அவித்யையும் அல்லவா ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும்?

பிரகாசாத்மரின் விவரண மரபு பிரம்மமே இருப்பிடம் என்றது. கேட்க அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் விடியற்காலையில் எழுந்ததும் என்ன சொல்கிறோம்? “சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை.” ஒன்றும் தெரியாமல் இருந்தது எப்படித் தெரிந்தது? மனம் ஒடுங்கிக் கிடந்த நேரத்திலும் அந்த ‘தெரியாமை’க்கு ஒரு சாட்சி, பிரம்மமாகிய அந்த அறிவு, இருந்திருக்கிறது. மேகம் சூரியனை மறைக்கிறது. அந்த மேகத்தை நாம் பார்ப்பதும் சூரிய ஒளியில்தான். சாட்சி அறியாமைக்குப் பகையல்ல, அதைக் காட்டிக்கொடுப்பது. அறியாமையைப் போக்குவது, ‘நீயே அது’ போன்ற உபநிஷத மகாவாக்கியத்தால் மனத்தில் எழும் அகண்டாகார விருத்தி, அதாவது பிளவற்ற பிரம்மத்தையே வடிவாகக் கொண்ட அறிவு.

சங்கரர் என்ன சொன்னார்? கீதை 13-ஆம் அத்தியாயத்தில் க்ஷேத்ரக்ஞனை, அதாவது உடலாகிய க்ஷேத்திரத்தை அறிபவனைப் பற்றிய சுலோகத்தின் உரையில் ஓர் உரையாடல் வருகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத பகுதி. “அவித்யை யாருக்கு?” என்று கேட்கிறான் எதிராளி. “யாருக்குத் தெரிகிறதோ அவனுக்கு” என்கிறார். “யாருக்குத் தெரிகிறது?” என்று மறுபடி கேட்கிறான். அவித்யை தெரிகிறதென்றால் அதை உடையவனும் தெரியத்தானே வேண்டும். மாடுகளையும் மாட்டுக்காரனையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே ‘மாடுகள் யாருடையவை’ என்று கேட்பார்களா என்கிறார். அவன் விடவில்லை. மாடும் மாட்டுக்காரனும் கண்ணுக்குத் தெரிகிறார்கள், இது அப்படியில்லையே என்கிறான், நியாயமான பதில்தான். அவித்யை துன்பத்துக்குக் காரணம், அதை நீக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறேன் என்கிறான். “யாருக்கு அவித்யையோ அவன் நீக்கிக்கொள்வான்” என்கிறார் சங்கரர்.

அப்போதுதான் அவன் வாயிலிருந்து வருகிறது: “எனக்குத்தானே அவித்யை!”

அதுவரை அவன் கேட்டது தத்துவ வழக்கு. அந்த நொடியில் அது அவன் சொந்தக் கதையாகிவிட்டது. சங்கரர் அவனை மடக்கிவிட்டதாகக் கொண்டாடவில்லை. “அப்படியானால் அவித்யையையும், அதை உடைய உன்னையும் நீ அறிகிறாய்” என்று, அறிகிறவன் பக்கம் அவனைத் திருப்பிவிடுகிறார்.