பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டவர்

எல்லாருக்கும் ஆண்டவருடைய நாமத்தில் என் அன்பின் வாழ்த்துகள்.

பார்ட் ஸ்டாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்காக இருந்தவர். நாம் ஆடுகிற கால்பந்து வேறு, அது வேறு. அங்கே பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் பதினொரு பேரும் கூடி நிற்பார்கள். யார் ஓடுவது, யார் தடுப்பது என்று சொல்கிறவர் குவாட்டர்பேக்.

கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக, முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். 1956-இல் கிரீன் பே பாக்கர்ஸ் அணி அவரை 17-ஆவது சுற்றில்தான் எடுத்தது. அவருக்கு முன்னால் 199 பேரை வெவ்வேறு அணிகள் எடுத்து முடித்திருந்தன. அலபாமா பல்கலைக்கழகத்தில் முதுகு அடிபட்டு, கடைசி ஆண்டில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனை வேறு யார் தேடப்போகிறார்கள்? அவர் மாமனார் வீட்டு முற்றத்தில் பழைய டயரின் ஓட்டைக்குள் பந்தை எறிந்து எறிந்து பழகினார்.

1959-இல் வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக வந்தார். அவர் திட்டினால் மைதானமே கேட்கும். ஒருநாள் எல்லார் முன்னாலும் ஸ்டாரைத் திட்டிவிட்டார். ஸ்டார் பதில் பேசவில்லை. அப்புறம் தனியாகப் போய், தவறு செய்தால் அறைக்குள் கூப்பிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், வீரர்கள் முன்னால் வேண்டாம், பிறகு அவர்களை நான் எப்படி நடத்துவேன் என்று கேட்டார். லொம்பார்டி ஒப்புக்கொண்டார். ஐந்து சாம்பியன் பட்டங்களைவிட, முதல் இரண்டு சூப்பர் பௌல் என்ற பெரிய இறுதி ஆட்டங்களில் வென்ற சிறந்த வீரர் விருதைவிட, எனக்கு இந்தச் சம்பவம்தான் பெரிது. மெல்லப் பேசுகிறவர் அவர், பயந்தவர் அல்ல.

1967 டிசம்பர் 31. சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். கிரீன் பேயில் குளிர் சுழியத்துக்குக் கீழே 25 டிகிரி. தரை கல்லாக உறைந்துவிட்டது. டல்லாஸ் கவ்பாய்ஸ் 17, பாக்கர்ஸ் 14. இன்னும் 16 வினாடி, பந்தோடு தாண்டினால் புள்ளி கிடைக்கும் கோட்டுக்கு ஒரு கெஜத்துக்கும் குறைவு. சுலபமான ஓர் உதை உதைத்துச் சமன் செய்திருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பந்தை வாங்கி ஓடியவர்களின் கால் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஸ்டார் லொம்பார்டியிடம் போய், பந்தை நானே வைத்துக்கொண்டு பாய்கிறேன் என்றார். கூடி நின்ற தோழர்களிடம் வழக்கமான ஆட்டமுறையின் பெயரை மட்டும் சொன்னார். தானே பாயப்போவதைச் சொல்லவில்லை. ஜெர்ரி கிரேமர் தடுத்துத் திறந்த இடைவெளியில் விழுந்தார். 21-17.

தோற்றிருந்தால் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்திருக்கும். அது தெரிந்துதான் கேட்டார்.

மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், தம் விசுவாசத்தை மறைத்தவர் அல்ல. ஆனாலும் அதை நான் அவர் பேச்சில் தேடவில்லை. கிரீன் பே இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் வழிதவறிய பையன்களுக்காக 1965-இல் ராஹைட் என்ற இல்லம் உருவானது. அவரும் மனைவி செர்ரியும் தொடக்கத்திலிருந்தே அதைத் தாங்கினார்கள். இரண்டாவது சூப்பர் பௌலில் பரிசாகக் கிடைத்த கொர்வெட் காரைக்கூடக் குலுக்கல் சீட்டில் விட்டு, வந்த பணத்தை அந்த இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ஊரார் பிள்ளைகளுக்கு இப்படி நின்றவருடைய சொந்த மகன் பிரெட், 1988-இல் போதைப்பொருளால் இறந்துபோனார். உடலை முதலில் கண்டது தகப்பன்தான். இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கிறது. ஆனால் அவர் ஆண்டவரை விட்டுப் போகவில்லை. ராஹைட் பையன்களையும் கைவிடவில்லை.

1989 முதல் அவர் பெயரில் ஒரு விருது இருக்கிறது. வீட்டிலும் ஆடுகளத்திலும் ஊரிலும் நற்குணத்தோடு வழிநடத்துகிற ஒருவரை, அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஆடும் வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2014-இல் பக்கவாதம் அவரைச் சாய்த்தது. மறு ஆண்டு நவம்பரில், பாக்கர்ஸின் பிற்கால குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரைக் கௌரவிக்கும் இரவுக்கு வர வேண்டும் என்று மாதக்கணக்கில் உடற்பயிற்சி செய்தார். வந்தார். குளிர், மழை, 81 வயது. சிறு வண்டியில் மைதானத்துக்குள் நுழைந்தபோது, நனைந்துகொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.