மாதக் கட்டணமும் போக வருமானமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வன்னியில் இப்போது பெற்றோர் என்னிடம் கூடுதலாகக் கேட்கும் கேள்வி, பிள்ளையைச் சர்வதேசப் பாடசாலையில் சேர்க்கலாமா என்பதுதான். வர்த்தக பாடம் படிப்பித்தவன் என்பதால் என்னிடம் கணக்குப் பார்க்க வருகிறார்கள். போன கிழமை விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கட்டண விபரத் தாளோடு வந்தார். அனுமதிக் கட்டணம், மாதக் கட்டணம், கணினிக் கட்டணம் எல்லாம் அதில் இருந்தன. வான் காசு இல்லை. அதைத் தாளின் பின்பக்கத்தில் அவரே பென்சிலால் எழுதி, இரண்டு தரம் வெட்டித் திருத்தியிருந்தார். "சேர், தொடங்கிவிடலாம். பதினோராம் வகுப்பு மட்டும் இழுப்பனோ எண்டதுதான் பயம்" என்றார். பாதிக் கணக்கு அந்தப் பயத்திலேயே இருக்கிறது. மிச்சத்தைச் சேர்ந்து பார்ப்போம்.

ஒரு கணக்குக்கு மாதக் கட்டணம் 8,000 ரூபா என்று வையுங்கள். வான் 6,000. புத்தகம், சீருடை, விழாக்காசு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 25,000. ஆக வருடத்துக்கு 1,93,000. முதலாம் தரத்திலிருந்து சாதாரண தரம் வரை 11 வருடம். ஒரு சதமும் கூடாவிட்டாலும் 21 இலட்சம் தாண்டும். கூடாமல் இருக்குமா? வருடத்துக்கு நூற்றுக்குப் பத்து ஏறினாலே பதினோராம் தரத்தில் அந்த 8,000 ரூபா 20,000க்கு மேல் போய்விடும். 2022இல் விலைவாசி எப்படி ஏறியது என்பதை நாங்கள் எல்லோரும் அனுபவித்தவர்கள். அனுமதிக் கட்டணத்தைப் புரட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்து நகையை அடைவு வைக்கிறோம். செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எங்கள் வருமானம் வரும் விதமும் வேறு. காலபோகம் வெட்டி நெல் விற்கும்போது கையில் காசு இருக்கும். இரணைமடுத் தண்ணீர் கிடைத்தால் சிறுபோகத்திலும் கொஞ்சம் வரும். இடைப்பட்ட மாதங்களில் கடைக் கொப்பியில் கடன்தான். கட்டணமோ ஒவ்வொரு மாதமும் கேட்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் நுண்கடன்காரர் படலைக்கு வருகிறார்கள். சுவிஸிலோ கனடாவிலோ இருக்கும் தம்பி கட்டுகிறார் என்றால், அவருக்கும் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பதை நினைக்க வேண்டும். ஏழாம் தரத்தில் காசு நின்றுபோய், ஆங்கிலத்தில் படித்த பிள்ளை தமிழ் மொழிமூல வகுப்புக்குத் திரும்பி வந்து விழி பிதுங்கி இருப்பதை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். தமிழில் "பின்னம்" என்றால் என்னவென்று பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை.

இவ்வளவு இருந்தும் பெற்றோர் ஏன் போகிறார்கள்? ஆடம்பரத்துக்கு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கல்வி அமைச்சராயிருந்த கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி 1945இலிருந்து எங்களுக்கு உண்டு. 1980இலிருந்து பாடநூல் இலவசம், 1993இலிருந்து சீருடைத் துணியும் இலவசம். ஆனால் ஒட்டுசுட்டானுக்கு அங்கால், துணுக்காய்க்கு அங்கால் உள்ள பாடசாலைகளில் கணித ஆசிரியர் வந்து பிள்ளைகளின் பெயரைப் பாடமாக்கும் முன் இடமாற்றம் வந்துவிடுகிறது. கஷ்டப் பிரதேசச் சேவையை முடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களிலும் பிழை சொல்ல முடியாது, யாழ்ப்பாணத்திலிருந்து விடிய நாலரைக்கு எழும்பி வருகிறவர்கள் அவர்கள். ஆங்கிலப் பாடத்துக்கு ஆளே இல்லாமல் தவணை முடிந்த இடங்களும் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, 2021 ஆவணியிலிருந்து வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கே விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. தன் பிள்ளை முதல் வருடத்திலேயே திணறக்கூடாது என்று ஒரு தாய் நினைப்பதில் என்ன தவறு?

ஆனால் அந்தப் பீடங்களுக்குப் போகும் வழியையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. இது எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. இலங்கை உயர் தரப் பரீட்சையின் இசட் புள்ளியை, அதாவது பாடத்துக்குப் பாடம் உள்ள வித்தியாசத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளியை வைத்தே அந்த இடங்களைக் கொடுக்கிறார்கள். இலண்டன் பரீட்சைக்குத் தயார்படுத்தும் பாடசாலையில் இலட்சக்கணக்கில் கட்டிவிட்டு, கடைசியில் இந்த வாசல் மூடியிருப்பதைக் கண்டால் யாரை நோவது? தனியார் பட்டப்படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்ப வசதி உள்ள வீடுகளுக்கு அது பொருந்தும். போக வருமானத்தில் சீவிக்கும் வீட்டுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

சட்ட நிலையையும் சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. அதனால் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்று நடக்கின்றன. கட்டணம் இவ்வளவுதான் என்று வலயக் கல்வி அலுவலகம் சொல்ல முடியாது.

கம்பனி என்றால் வரவு செலவு பார்த்துத்தான் நடக்கும். இந்த இடத்தில் நடத்துநர்களுக்கும் ஒரு கணக்கு. வகுப்பில் 12 பிள்ளைகள், ஆளுக்கு 8,000 என்றால் மாதம் 96,000. செலவு முட்டுகிறது என்று கட்டணத்தை 10,000 ஆக்குகிறீர்கள். மூன்று பிள்ளைகள் விலகினால் வரவு 90,000. கூட்டியும் குறைந்துவிட்டது. கூட்டாமல் இன்னும் மூன்று பிள்ளைகளைச் சேர்த்திருந்தால் 1,20,000. ஆசிரியரும் அதேயாள், கட்டடமும் அதே கட்டடம். வன்னியில் கட்டக்கூடிய வீடுகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் கட்டணத்தை ஏற்றி ஈடுகட்டும் வழி இங்கே சீக்கிரம் முடிந்துவிடும். கட்டணத்தை மாதாமாதம் கேட்காமல் மாசி, பங்குனியில் ஒரு பகுதியும் சிறுபோக வெட்டு முடிய ஒரு பகுதியுமாக வாங்கிப் பாருங்கள். இரண்டாம் பிள்ளைக்குப் பாதி வாங்குங்கள். விலகுகிறவர்களில் பலர் படிப்புப் பிடிக்காமல் போகவில்லை, ஆனி ஆடியில் கையில் காசில்லாமல் போகிறார்கள்.

கிராமப் பாடசாலையையும் மறக்க முடியாது. அங்கே ஆசிரியர் எண்ணிக்கை பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஒதுக்கப்படுகிறது. வசதியுள்ள பத்து வீடுகள் வானில் பிள்ளைகளை ஏற்றிவிட்டால், மிச்சப் பிள்ளைகளுக்கு இருந்த ஆசிரியரும் போகக்கூடும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கதைக்கக்கூடிய பெற்றோரும் அந்தப் பத்து வீட்டுக்காரர்தான். வருடம் 1,93,000 என்றேனே, அப்படி ஐந்து வீடுகள் அதில் பாதியைப் போட்டால் ஊரிலேயே ஒரு நல்ல ஆங்கில ஆசிரியருக்கு மாதம் 40,000 கொடுத்துப் பின்னேர வகுப்பு நடத்தலாம். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இருந்து படிக்கலாம். நான் அந்தத் தாய்க்கும் இதைத்தான் சொன்னேன். யோசிக்கிறேன் என்று தாளை மடித்துக்கொண்டு போனார்.

சேர்ப்பது என்றே முடிவெடுத்தவர்கள் காசு கட்டும் முன் அலுவலகத்தில் சிலவற்றைக் கேளுங்கள். ஒவ்வொரு தரத்திலும் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். பாலர் வகுப்பில் 30 பேர், ஒன்பதாம் தரத்தில் நான்கு பேர் என்றால், இடையில் போனவர்கள் ஏன் போனார்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஆறாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிப்பவர் எத்தனை வருடமாக இருக்கிறார், பிள்ளை எந்தப் பரீட்சைக்குத் தோற்றும், வரும் மூன்று வருடத்துக்குக் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் தருவீர்களா என்றும் கேளுங்கள். முடிந்தால் ஒரு வகுப்பில் அரை மணித்தியாலம் பின்வாங்கில் இருந்து பாருங்கள். பலகையில் எழுதியிருப்பதைக் காட்டி, இதை உன் சொல்லில் சொல்லு ராசா என்று ஒரு பிள்ளையிடம் கேட்டால் போதும், அங்கே படிப்பு நடக்கிறதா பாடமாக்கல் நடக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.